கிராமத் திட்டமும் குடியானவர் பொறுப்பும்

கிராமங்களுக்குத் திட்டம் வேண்டும் என்பதை இக்காலத்தில் மறுப்பவர் ஒருவருமிலர். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வேண்டும் என்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர்கள் வேண்டும் என்கிறார்கள். பத்திரிகைகளும் அவ்வாறே எழுதுகின்றன. ஆயினும், திட்டம் என்னும் பெயரால் ஆண்டுதோறும் எழுதி அனுப்பப்படும் காகிதங்களைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடைக் கிராமத்துக்கும், இராமநாதபுரம் ஜில்லாவின் கண்மாய்ப் பாசனக் கிராமத்துக்கும், தருமபுரி ஜில்லாவின் மானாவாரிக் கிராமத்துக்கும் எழுதப்படும் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. இத்தனை தெருவுக்குச் சிமெண்டுப் பாதை, இத்தனை கம்பங்களுக்கு விளக்கு, ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு சுற்றுச்சுவர். ஊரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாம். இவை வேண்டாதவை என்று சொல்வது தகாது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நடந்தவர்களுக்குப் பாதையின் அருமை தெரியும். ஆனால், உழவைக் கொண்டு உயிர் வாழும் ஊரொன்றின் திட்டத்தில் உழவு எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது விசித்திரமே.

சட்டம் உழவை மறந்துவிடவில்லை. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், பஞ்சாயத்துகள் பொருளாதார அபிவிருத்திக்கும் சமூக நீதிக்கும் திட்டம் வகுக்கலாம் என்று கூறி, அதற்கென 29 விஷயங்களைப் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவற்றுள் முதலாவது விவசாயம். இரண்டாவது நில அபிவிருத்தியும் மண் பாதுகாப்பும். மூன்றாவது சிறு பாசனமும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் அபிவிருத்தியும். அதை ஒட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. கிராம சபைக்குச் சட்டப்படியான இடமும் ஏற்பட்டது. சட்டத்தை எழுதியவர்கள் வயலையும் வாய்க்காலையும் முதலில் வைத்தார்கள். திட்டத்தை எழுதுகிறவர்களோ அவற்றைக் கடைசிப் பக்கத்தில், இடம் மிஞ்சினால் வைக்கிறார்கள்.

இதற்குக் காரணம் உத்தியோகஸ்தர்களின் அசிரத்தை மட்டுமென்று குடியானவர்கள் எண்ணிக்கொள்வது வழக்கம். அதில் உண்மை ஓரளவு உண்டு. ஆனால் முழு உண்மை அதுவன்று. கிராம சபை கூடும் நாளில் நிலமுடையவர்கள் எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள் என்று ஒவ்வோர் ஊராரும் தம் ஊரை நினைத்துப் பார்க்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களுடன், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை சபை கூட வேண்டுமென்று ஏற்பட்டிருக்கிறது. அந்த ஆறு நாட்களிலும் வருவோர் பெரும்பாலும் கூலி வேலை செய்யும் பெண்டிரும், குடிநீர்க் குழாய்க்கும் வீட்டுக்கும் மனுக் கொடுக்க வந்தவர்களுமே. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர் களத்து நிழலில் நின்றபடி, "அங்கே என்னங்க இருக்கு, தெருவிளக்குப் பேச்சுத்தானே!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டார்கள், கேட்டது எழுதப்பட்டது. வாய்க்காலுக்காகக் கேட்க வேண்டியவர் வீட்டில் இருந்தார், அது எழுதப்படவில்லை. இதில் யாரைக் குறை கூறுவது?

திட்டம் என்பது பணம் கேட்கும் பட்டியலன்று என்பதை முதலில் தெளிய வேண்டும். ஊரில் என்ன இருக்கிறது, எது குறைகிறது, எது முதலில், எது பிறகு, எதை ஊரார் தாமே செய்துகொள்வார்கள், எதற்குச் சர்க்காரை நாடுவார்கள் என்று தீர்மானித்து எழுதிவைப்பதே திட்டம். இருப்பதை அறியாமல் வேண்டுவதை எழுத முடியாது. சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கே அனுப்பி, வீடு, நிலம், மாடு, கடன், கூலி, கிணறு ஆகிய அனைத்தையும் கணக்கெடுக்கச் செய்தார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், வடஆற்காட்டுத் தூசி முதலிய ஊர்களின் நிலைமை 1918-இல் நூலாக வெளிவந்தது. 1930-களில் அவ்வூர்கள் மறுபடி ஆராயப்பட்டன. இருவேல்பட்டை 1980-களிலும் 2008-இலும் மீண்டும் ஆராய்ந்தார்கள். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை ஊரின் கணக்கை எடுத்துப் பார்த்தால் எது வளர்ந்தது, எது தேய்ந்தது என்பது கைமேல் கனியாகத் தெரியும். கல்லூரி மாணவர் செய்த காரியத்தை ஊராரே செய்துகொள்ள முடியாதென்பது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

மேலிருந்து கொடுக்கப்படும் திட்டங்களின் கதியையும் இங்கே கருதவேண்டும். பஞ்சாபில் கூர்காவ் ஜில்லாவின் அதிகாரியாக 1920-களில் இருந்த பிரெய்ன் துரை, எருக்குழி வெட்டவும், வீட்டுக்குச் சன்னல் வைக்கவும், நல்ல விதை விதைக்கவும் ஊக்கத்தோடு பிரசாரம் செய்தார். அவருடைய நல்லெண்ணத்தை ஒருவரும் குறை கூறவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போனபின் அம்முயற்சியிற் பெரும்பகுதி நிலைக்கவில்லை. ஊரார் கேட்டு வெட்டிய குழிகளல்ல அவை. துரை சொன்னதற்காக வெட்டியவை. சென்னை மாகாணத்தில் 1946-இன் இறுதியில் 34 பிர்க்காக்களில் தொடங்கிய பிர்க்கா அபிவிருத்தித் திட்டமும், 1952 அக்டோபர் 2-இல் நாடெங்கும் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டமும் பல நன்மைகளைச் செய்தன. பாதைகளும் பள்ளிகளும் கிணறுகளும் ஏற்பட்டன. எனினும், ஊரார் தாமே பேணிவந்த காரியங்கள் பல இலாகாக்களின் கைக்குப் போய், 'இது சர்க்கார் வேலை' என்ற எண்ணம் வேரூன்றியதும் அக்காலத்தில்தான்.

ஆகவே திட்டம் எழுத உட்காரும் முன் ஊரார் ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம். மேசையும் நாற்காலியும் பிறகு ஆகட்டும். பஞ்சாயத்துத் தலைவர் இருந்தால் அவர், கிராம நிர்வாக அலுவலர், பழைய நீர்க்கட்டி அல்லது அவர் மகன், தலைமடைக்காரர் இருவர், கடைமடைக்காரர் இருவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், களையெடுக்கும் பெண்டிர் இருவர் என இத்தனை பேர் சேர்ந்து, கிராமப் படத்தையும் புல எல்லைப் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு, மழைநீர் ஊருக்குள் எங்கே நுழைகிறதோ அங்கே தொடங்கி, அது ஊரை விட்டு எங்கே வெளியேறுகிறதோ அதுவரை நடக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரை ஏன் சேர்க்க வேண்டுமென்று சிலர் கேட்கக்கூடும். எந்த ஓடையில் எந்த மழைக்கு எவ்வளவு நீர் வருமென்று ஊரில் அவரைப் போல அறிந்தவர் வேறொருவர் இல்லை.

அந்த நடையில் என்ன தென்படும்? படத்தில் முப்பதடி அகலம் குறித்திருக்கும் வரத்துக்கால், தரையில் நான்கடியாக இருக்கும். சில இடங்களில் அதுவும் இராது. சீமைக் கருவேலம் கால்வாயின் இருபுறத்தையும் மூடி, நடுவிலும் புகுந்திருக்கும். சாலை போட்டவர்கள் கால்வாயின் குறுக்கே ஓர் ஒற்றைக் குழாயைப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதன் அடிமட்டம் கால்வாயின் அடிமட்டத்துக்கு ஓரடி மேலே இருக்கும். ஏரிக்குள் வந்தால் மதகின் அடைப்புப் பலகை உளுத்து, பாசனமில்லாத நாளிலும் நீர் கசிந்துகொண்டிருக்கும். கலிங்கின் மேல் கல் இரண்டொன்று பெயர்ந்திருக்கும். அது தானே பெயர்ந்ததா, உள்வாயில் பயிர் செய்பவர் பெயர்த்ததா என்பதை விசாரித்தால் சண்டை வரும். கரையின்மேல் வண்டி ஏறி இறங்கி ஒரு பள்ளம். பாசன வாய்க்காலில் தலைமடையார் வைத்த மண்ணடைப்பு. கடைமடையில் தரிசு.

இவ்வளவையும் பார்த்துக் குறித்துக்கொண்டபின், எதை முதலில் செய்வது என்ற கேள்வி வரும். ஊரார் வழக்கமாகச் சொல்லும் விடை, "ஏரியைத் தூர் வாருங்கள்" என்பது. சர்க்கார் உத்தியோகஸ்தரும் ஒப்பந்தக்காரரும் இந்த விடையை விரும்புகிறார்கள்; ஏனெனில் வெட்டிய மண்ணை அளந்து பில் போடுவது எளிது. ஆனால் இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். நீர்பரப்பு 25 ஏக்கர் உள்ள ஒரு சிற்றேரியில் 2 அடி வண்டல் படிந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் என்பது 43,560 கன அடி. ஆகவே 50 ஏக்கர்-அடி என்பது 21,78,000 கன அடி மண். டிராக்டர் டிப்பரில் ஒரு நடைக்கு 100 கன அடி ஏற்றினால் 21,780 நடை. ஒரு சிறிய ஊராட்சிக்கு இது மலைப்பான காரியம். நெல்லுக்கு வேண்டிய நீர் ஏறக்குறைய 4 அடி ஆதலால், அவ்வளவு மண்ணையும் எடுத்து, அவ்விடமெல்லாம் ஒருமுறை நிரம்பினால் கிடைப்பது சுமார் பன்னிரண்டரை ஏக்கர் நெல்லுக்கான நீரே. அதிலும் ஆவியாகிப் போவது கழிய வேண்டும். ஏரி இரண்டு மூன்று முறை நிரம்பினால் பயன் கூடும் என்பது மெய். ஆனால் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அது ஒருமுறையாவது நிரம்புமா?

மாறாக, வரத்துக்காலைத் துப்புரவு செய்து, மதகின் கசிவை அடைத்து, கலிங்கைப் பழைய மட்டத்துக்குச் சரிசெய்தால், அதே ஏரியில் அதே வண்டலோடு கூடுதலான நீர் நிற்கும். அதற்கு ஆகும் செலவு தூர் வாரும் செலவில் ஒரு சிறு பங்கே. முதலில் வரத்து, பிறகு மதகும் கலிங்கும், பிறகு கரை, கடைசியில் தூர் என்பதே முறை. தூர் எடுக்கும்போதும் கரையின் உட்புற அடியை ஒட்டித் தோண்டுவது பெரும் பிழை. கரையின் பிடிமானம் போய்விடும். நல்ல மழையில் அத்தகைய ஏரி உடைந்து, கீழே இருக்கும் நிலத்தை மணல் மேடாக்கிவிடும். எடுக்கும் வண்டலை மண்வளம் குன்றிய மேட்டு நிலங்களுக்குக் கொண்டுபோவதே சாலச் சிறந்தது. இதற்கான அனுமதியைத் தாலுக்கா அளவில் வட்டாட்சியரே கொடுக்கும்படி 2024-இல் விதி தளர்த்தப்பட்டது. இன்னார் நிலத்துக்கு இத்தனை நடை என்று திட்டத்திலேயே எழுதிவைத்தால், செங்கற்சூளைக்குப் போகும் வண்டல் வயலுக்கு வரும்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். வரத்துக்காலைக் குறுக்கியவர் யார்? வெளியூரார் அல்லர். பெரும்பாலும் அதன் இருகரையிலும் பட்டா வைத்திருக்கும் குடியானவர்களே. ஆண்டுக்கு ஒரு சால் வீதம் உழுது உழுது முப்பதடி நான்கடி ஆயிற்று. ஓரத்தில் ஒரு தென்னை வரிசை வைத்தபின் அது 'எங்கள் பாட்டன் காலத்து மண்' ஆகிவிட்டது. சொந்தக் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு ஏரி நிரம்பினாலென்ன, நிரம்பாவிட்டாலென்ன என்ற எண்ணம். அந்தக் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வருகிறதென்பதை ஏரி நான்கு வருஷம் வறண்டபின்னரே உணர்கிறார். உணர்ந்ததும் இன்னும் நூறடி ஆழத்துக்குத் துளை போடுகிறார். பக்கத்து வயல்காரர் இருநூறடி போடுகிறார். இந்தப் பந்தயத்தில் வெல்பவர் துளை போடும் லாரிக்காரர் ஒருவரே.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பாட்டியாலா ஜில்லாவில் ஓர் ஊர்க் குளத்தை மண் கொட்டித் தூர்த்து வீடு கட்டிக்கொண்டவர்களின் வழக்கில், 2011 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களை நெடுநாள் அனுபவித்துவிட்டதாலும் பெருஞ்செலவு செய்து கட்டிவிட்டதாலும் மட்டும் உரிமை உண்டாகிவிடாதென்று தீர்ப்பளித்து, அத்தகைய ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாகாணங்களும் திட்டம் வகுக்கும்படி உத்தரவிட்டது. ஆயினும் நோட்டீசும் போலீசும் கொண்டு செய்யும் காரியம் ஊரைப் பிளக்கும். சர்வேயர் அளந்து கல் நட்டபின், ஊரார் முன்னிலையில், பயிர் அறுவடையாகும் வரை தவணை கொடுத்து, பெரிய நிலக்காரர் முதலில் தம் பங்கை விடுவதே நல்ல வழி. அவர் விட்டால் மற்றவர் விடாதிருப்பது கடினம். அவர் விடாமல் ஏழையின் குடிசையை மட்டும் காட்டிக்கொடுத்தால், அந்த ஊரில் திட்டம் என்ற சொல்லுக்கே மதிப்பிராது.

ஏரி யாருடையது என்பதிலும் குழப்பம் உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஏரிகள் நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பெரிய ஏரியாக இருந்தால், 'இது பஞ்சாயத்தின் அதிகாரத்தில் இல்லை' என்று சொல்லித் திட்டத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஊராட்சி செய்ய முடியாததையும், இன்ன இலாகா இன்னது செய்ய வேண்டுமென்று குறித்து, கிராம சபைத் தீர்மானத்தோடு அனுப்ப வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கும் ஊர்களில், அதன் தலைவரையும் உடன் வைத்துக்கொள்வது உசிதம்.

ஊரார் தம் பங்கைச் செய்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. அதைச் சட்டத்தால் வலியுறுத்த 1858-ஆம் ஆண்டின் முதற்சட்டம் முயன்றது. கட்டாய உழைப்பு என்ற பெயரே அதற்கு இருந்ததால் அது யாருக்கும் உவப்பாக இருக்கவில்லை. 2017-இல் தமிழ்நாட்டில் குடிமராமத்து என்ற பெயரைச் சர்க்கார் மீண்டும் எடுத்து, பாசனதாரர் சங்கங்களைக் கொண்டு ஏரி வேலை நடத்தியது. எங்கெங்கே ஆயக்கட்டுதாரர்கள் மெய்யாகவே கூடி நின்று வேலை பார்த்தார்களோ அங்கே வேலை நின்றது. பெயருக்குச் சங்கம் வைத்து ஒப்பந்தக்காரர் நடத்திய இடங்களில் மறுமழைக்கே கரைந்தது. இவை எல்லாவற்றிலும் சிறந்தது, சொற்பச் செலவில் ஆகக்கூடியது, நீர்க்கட்டியை மறுபடி ஏற்படுத்துவது. முன்னாட்களில் நீர்க்கட்டிக்கு அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று களத்திலேயே நெல் அளந்தார்கள். அதை நிறுத்தியபின் மதகைத் திறக்கவும் மூடவும் ஆளில்லை; வலுத்தவர் திறக்கிறார், மூடுவார் யாருமிலர். ஆயக்கட்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரியிட்டு நீர்க்கட்டிக்குக் கூலி கொடுப்பதென்று ஒரு தீர்மானம் செய்ய எந்த இலாகாவின் அனுமதியும் வேண்டியதில்லை. அந்தக் கூலி கௌரவமான கூலியாக இருக்க வேண்டும். பழைய அடிமைத் தொழிலாக அதை நினைத்து ஒரே சாதியாரின் தலையில் கட்டுவது இனி ஒவ்வாது.

நீர் இருப்பை அறிந்தபின் பயிரைத் தீர்மானிப்பதும் திட்டத்தின் அங்கமே. மஹாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜார் என்ற ஊர், ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழையே பெறும் வறட்சிப் பகுதியில் இருக்கிறது. 1990-இல் போபட்ராவ் பவார் அவ்வூர்த் தலைவரானபின், குன்றுகளில் வரப்பிட்டு மழைநீரை மறித்தார்கள். மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிடுவதை நிறுத்தினார்கள். பாசனத்துக்காக ஆழ்குழாய்க் கிணறு போடுவதில்லை என்றும், கரும்பு பயிரிடுவதில்லை என்றும் தமக்குத் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மழை முடிந்ததும் அவ்வாண்டு நீர் எவ்வளவு என்று கிராம சபையில் கணக்குச் சொல்லி, அதற்கேற்ப இன்ன பயிர் செய்யலாமென்று முடிவு செய்யும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. தமிழ்நாட்டு மழை அதைவிட இருமடங்குக்கு மேல். ஆனால் அதிற் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் மார்கழி இறுதியில் ஏரியின் அளவுகோலைப் பார்த்து, இரண்டாம் போகம் நெல்லா, நிலக்கடலையா, உளுந்தா என்று ஊரே கூடி முடிவு செய்வது நலம். மேலே கணக்கிட்ட 50 ஏக்கர்-அடி நீர் நெல்லுக்குப் பன்னிரண்டரை ஏக்கர். 20 அங்குலம் வேண்டும் நிலக்கடலைக்கு 30 ஏக்கர். ஓரடியில் முடிந்துவிடும் உளுந்துக்கு 50 ஏக்கர். தலைமடையார் நால்வர் நெல் நட்டு, பங்குனியில் நீர் போதாமல் அதையும் காயவிட்டு, கடைமடையாரையும் பட்டினி போடுவது எந்தக் கணக்கில் சேர்ந்தது?

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லையும் கேழ்வரகையும் எள்ளையும் தார்ச் சாலையில் கொட்டி உலர்த்துவதும், அதனால் மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து கால் ஒடிவதும் எல்லாத் தாலுக்காக்களிலும் காணும் காட்சி. ஊர்க் களங்கள் சில வீட்டுமனை ஆயின. சில முட்புதர் ஆயின. ஊர் எல்லையில் வளைவு கட்டும் பணத்தில் ஒரு நல்ல உலர்களம் கட்டலாம். வளைவின்மேல் எழுதும் பெயர்களைக் களத்தின் சுவரிலும் எழுதிக்கொள்ளலாம். நெல்லுக்கு அதனால் கெடுதி ஒன்றுமில்லை.

நிலமில்லாதவரை விட்டுவிட்டு எழுதும் திட்டம் ஊரின் திட்டமாகாது. ஆதிதிராவிடர் குடியிருப்புக்குக் குடிநீர் கடைசியில் போவதும், அவர்களின் மயானத்துக்கு வயல் வரப்பின்மீதே பிணத்தைச் சுமந்து செல்ல வேண்டியிருப்பதும் பல ஊர்களில் உள்ள நிலைமை. அந்தப் பாதைக்கு வேண்டிய நிலம் இரண்டு சென்ட், மூன்று சென்ட்; அதைக் கொடுக்க வேண்டியவர் இப்பத்திரிகையைப் படிக்கும் நிலக்காரராகவே இருக்கலாம். திருவள்ளூர் ஜில்லாவின் குத்தம்பாக்கத்தில் 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த இளங்கோ, வெவ்வேறு சாதியாரும் ஒரே கூரையின் இருபாதியில் வாழும்படி இரட்டை வீடுகள் கட்டுவித்தார். அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள், ஆட்கள் ஏன் ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள் என்பதையும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையைக் குறை கூறிய குடியானவர் பலர், அந்த வேலையை வரத்துக்காலுக்குத் திருப்பும்படி சபையில் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமும், வேலைகள் ஊராட்சியின் திட்டத்திலிருந்தே எழ வேண்டுமென்று கூறுகிறது. திட்டத்தில் இல்லாத வாய்க்காலுக்கு ஆள் வருவதெப்படி?

நன்செய் மனையாவதைப் பற்றியும் திட்டம் பேசாதிருக்கலாகாது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிராமச் சபைகள் தம் ஊரில் எங்கே வீடு கட்டலாம், எந்த நிலம் விளைநிலமாகவே இருக்க வேண்டுமென்று தாமே திட்டம் எழுதி, ஊரில் வாக்கெடுப்பு நடத்திப் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பினால் அத்திட்டம் சட்ட பலம் பெறுகிறது. கம்பிரியாவில் அப்பர் ஈடன் என்ற மேய்ச்சல் பிரதேசம் 2013-இல் முதன்முதலாக அவ்வாறு வாக்களித்தது. இந்நாட்டுக் கிராமத் திட்டத்துக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆயினும், 'இன்ன மதகின் ஆயக்கட்டுக்குள் மனை பிரிக்க ஊரார் சம்மதியார்' என்ற கிராம சபைத் தீர்மானம் ஒன்று கோப்பில் இருந்தால், பின்னால் ஆட்சேபணை சொல்ல ஓர் ஆதாரமாகும். வாய்க்காலின் நடுவே சுவர் எழுந்தபின் அழுது பயனில்லை.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லப்படுவதுண்டு. பணம் வருவதே கட்டுத்திட்டத்தோடு வருகிறது. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கும் கொடுத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. ஊரார் என்ன எழுதினாலென்ன என்கிறார்கள். நியாயமான பேச்சே. கை கட்டப்பட்ட பஞ்சாயத்து நிமிர்ந்து நடக்க முடியாது. தேர்தலின்றித் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்த காலங்களும் குறைவல்ல: 2016 முதல் 2019 வரை மாகாணம் முழுவதும், 2025 ஜனவரிக்குப் பின் பெரும்பாலான ஜில்லாக்களிலும் அந்நிலை ஏற்பட்டது. ஆனால் குடிநீருக்கென்று வந்த பணத்திலேயே மழைநீர் சேமிப்பும் அடங்கும். ஊருணியின் வரத்தைச் சீர்செய்வது குடிநீர் வேலையன்றி வேறென்ன? அன்றியும், மேலே சொன்னவற்றிற் பாதிக்குப் பணமே வேண்டாம். நீர்க்கட்டி, முறைப்பாசனம், பயிர்த் தீர்மானம், ஆக்கிரமித்த சால்களை விடுவது ஆகிய இவற்றுக்கு மனம் ஒன்றே மூலதனம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கர்ணம், முன்சீபு பதவிகள் 1980-இல் ஒழிந்தபின் கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் இருக்கின்றன. அடங்கலில் எழுதும் பயிரும் பரப்பும் வயலைப் பார்த்து எழுதப்பட்டால்தான் நீர்க் கணக்கும், விதைக் கணக்கும், பயிர் நஷ்டஈடும் சரியாக அமையும். போன பசலியைப் பார்த்து இந்தப் பசலியை எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. மூன்று வருஷமாகத் தரிசாகக் கிடக்கும் கடைமடை, கணக்கில் நெல்லாக விளைந்துகொண்டிருந்தால், அங்கே நீர் போகவில்லையென்று திட்டத்தில் எழுதுவதெங்ஙனம்? வரத்துக்கால் புறம்போக்குகளின் சர்வே எண்ணும் அகலமும் எழுதிய பட்டியல் ஒன்றைக் கிராம சபையில் படித்துக் காட்டுவது, ஓர் அலுவலர் தம் ஊருக்குச் செய்யக்கூடிய பேருபகாரம்.

நடையை ஆடி பதினெட்டுக்குப் பிறகு, தரை காய்ந்திருக்கும்போது ஒருமுறையும், ஐப்பசியில் முதற் பெருமழை பெய்த மறுநாள் ஒருமுறையும் வைத்துக்கொள்ளலாம். முதல் நடையில் கல்லும் எல்லையும் தெரியும். இரண்டாவதில் நீர் எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும். ஆடியில் குறித்தவற்றை ஆகஸ்டு 15 சபையில் படித்து, ஊரார் திருத்தம் சொன்னபின், அக்டோபர் 2 சபையில் வரிசைப்படுத்தி நிறைவேற்றுவதற்குக் காலம் போதுமானது. ஐப்பசியில் கண்டவற்றை நவம்பர் 1 சபையில் சேர்க்கலாம். மண் பரிசோதனைக்கும் பயிர்க் கணக்குக்கும் வட்டார விவசாய உத்தியோகஸ்தரின் உதவி வேண்டுமானால், பத்து நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிப்பது சௌகரியம். கிராமப் படத்தின் நகலைத் தாலுக்கா ஆபீசில் கட்டணம் செலுத்திப் பெறலாம். படத்தை மடித்துப் பெட்டியில் வைக்காமல், பஞ்சாயத்துக் கட்டடத்தின் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.